சூப்பர் சனி ஜே1407பி: பெசன்ட் நகர் கடற்கரையில் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரிகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் டெலஸ்கோப் வைத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது எங்கள் நாலைந்து பேருடைய பழக்கம். சனிக்கோள் தெரிகிற மாதங்களில் வரிசை சுண்டல் வண்டி வரைக்கும் நீளும். கொஞ்ச நாளாக, சனியைப் பார்த்து முடித்த கையோடு பலர் செல்போனை எடுத்து நீட்டுகிறார்கள். திரையில் ஒரு படம்: கறுப்பு வானம், நடுவில் தீக்கங்கு மாதிரி ஓர் உருண்டை, அதைச் சுற்றி கிராமபோன் தட்டுபோல வளையத்துக்குள் வளையம். மேலே "சூப்பர் சனி" என்று எழுதியிருக்கும். "தம்பி, நீ காட்டினது சின்னதா இருக்கு. இதைக் காட்டு" என்றார் ஓர் அம்மா. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று விளக்குவதற்குள் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். அவருக்கும், அவரைப் போலக் கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், இது என்ன பொருள்?

பெயர் ஜே1407பி. நம் சூரியக் குடும்பத்துக்கு வெகு வெளியே இருக்கும் ஒரு பெரிய கோள், அல்லது கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவாந்தரமான பழுப்புக் குறுமீன். அதைச் சுற்றிப் பிரம்மாண்டமான வளையத் தட்டு இருக்கிறது. 2007ஆம் ஆண்டு, சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஜே1407 என்ற மங்கலான நட்சத்திரத்தை அது மறைத்துக்கொண்டு போனது. அந்த நட்சத்திரத்துக்கு வி1400 சென்டாரி என்றும் பெயர். தூரம் ஏறத்தாழ 450 ஒளியாண்டு. 1407 என்பது வானத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண், வீட்டு நம்பர் மாதிரி. "பி" என்பது அந்த நட்சத்திரத்தோடு சேர்ந்தது என்று நினைத்து ஒட்டிய எழுத்து. அது சேர்ந்ததுதானா என்பதில்தான் இப்போது சிக்கல். அதற்குக் கீழே வருகிறேன்.

அந்தப் படம் எந்த டெலஸ்கோப்பில் எடுத்தது?

எதிலும் எடுக்கவில்லை. ஓவியர் வரைந்தது. செல்போனில் சுற்றும் அத்தனை படங்களும் ஓவியம், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செய்தவை. ஜே1407பியின் வளையங்களை இதுவரை எந்த மனிதரும், எந்தக் கருவியும் படமாகப் பார்த்ததில்லை. நம் கையில் இருப்பது ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் 56 நாள் ஏறி இறங்கிய கணக்கு மட்டும்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது. எனக்கு நேர்மாறு. படம் இருந்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு புள்ளி மங்கி மங்கி எரிந்ததை வைத்து இவ்வளவு சொல்ல முடிந்ததே என்பதில்தான் நான் விழுந்தேன்.

பார்க்காமலே வளையம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ராத்திரி குரோம்பேட்டை ஸ்டேஷனில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு டியூப்லைட். நடுவில் நிற்காத வண்டி ஒன்று போகிறது. பெட்டியின் சுவர் வரும்போது விளக்கு மறையும். திறந்த கதவு வரும்போது ஒரு மின்னு மின்னும். இரண்டு பெட்டிக்கு நடுவே இருக்கும் சந்தில் மறுபடி தெரியும். ரயிலையே பார்க்காமல் அந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும், எத்தனை பெட்டி, கதவு எங்கே, வண்டி எவ்வளவு வேகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஜே1407இல் நடந்ததும் அதுதான். நட்சத்திரம் டியூப்லைட், வளையத் தட்டு ரயில். அடர்த்தியான வளையம் குறுக்கே வந்தால் வெளிச்சம் நன்றாக இறங்கும், மெல்லிய வளையம் வந்தால் கொஞ்சம் மங்கும், இடைவெளி வந்தால் திரும்ப ஏறும்.

சாதாரணமாக ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னே கடந்தால், வெளிச்சம் ஒன்றிரண்டு சதவீதம், சில மணி நேரம் குறையும். அவ்வளவுதான். இங்கே 2007 ஏப்ரல் 29ஐ நடுநாளாகக் கொண்டு ஏறத்தாழ எட்டு வாரம் மங்கல் நீடித்தது. நடுவில் இரண்டு வாரம் போல ஆழமான மறைவு. அந்தச் சமயம் வெளிச்சத்தில் 95 சதவீதம் காணாமல் போனது. அதற்கு 12 நாள் முன்னும் 12 நாள் பின்னும் ஒரு ஜோடி மங்கல், 26 நாள் முன்னும் பின்னும் இன்னொரு ஜோடி. இப்படி இரண்டு பக்கமும் ஜோடியாக மங்குவதுதான் வளையத்துக்கு அடையாளம். உள்ளே போகும்போது வெட்டிய வளையத்தை வெளியே வரும்போதும் வெட்டியாக வேண்டுமே.

95 சதவீதம் என்பதை வானியல் ஆட்கள் "3.3 மேக்னிடியூட்" என்று எழுதுவார்கள். மேக்னிடியூட் என்பது நட்சத்திர வெளிச்சத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல். ஒரு மேக்னிடியூட் என்றால் வெளிச்சத்தில் 2.512 மடங்கு வித்தியாசம் என்று அளவை வகுத்தவர் நார்மன் போக்சன். 1856இல் அதைச் சொன்னவர், 1861இல் நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891இல் சாகிற வரை அங்கேயே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற வெளிச்சம் மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இரவுக்கு இரவு வெளிச்சத்தைக் குறித்து வைத்து ஒப்பிடுகிற வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

யார் கண்டுபிடித்தது?

சூப்பர்வாஸ்ப் என்று ஒரு திட்டம். ஸ்பெயினின் லா பால்மா தீவில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் ஒன்று என இரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு கேமரா. பெரிய டெலஸ்கோப் எல்லாம் இல்லை. கிரிக்கெட் மைதானத்தில் போட்டோகிராபர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற கேனன் 200 மில்லிமீட்டர் லென்ஸ்தான். ராத்திரி முழுக்க வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து, லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தன. நம் நட்சத்திரம் தென்வானத்தில் இருப்பதால் சதர்லாந்து கேமராவில் பதிவானது.

வேடிக்கை என்னவென்றால், 2007இல் இது யார் கண்ணிலும் படவில்லை. பதிவு கம்ப்யூட்டரில் தூங்கியது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் மாமாஜெக்கும் அவருடைய மாணவர் மார்க் பெக்காட்டும் இளம் நட்சத்திரங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் இந்த விசித்திரம் சிக்கியது. கட்டுரை 2012இல் வந்தது. ஆஸாஸ் என்ற வேறொரு வான் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவிலும் அதே நாட்களில் அதே நட்சத்திரம் மங்கியிருந்தது. அதனால் கேமராக் கோளாறு என்று தள்ள முடியவில்லை. முதலில் தெரிந்த நாலு வளையத்துக்கு ரோசெஸ்டர், சதர்லாந்து, கம்பானாஸ், டொலோலோ என்று தாங்கள் வேலை பார்த்த ஊர்களின், வானாய்வகங்களின் பெயரையே செல்லப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

37 வளையம் என்று போட்டிருக்கிறதே, எண்ணினார்களா?

எண்ணவில்லை, பொருத்திப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் லைடன் வானாய்வகத்தைச் சேர்ந்த மேத்யூ கென்வொர்தியும் மாமாஜெக்கும் 2015இல், இந்த ஏற்ற இறக்கம் வர வேண்டுமென்றால் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி செய்தார்கள். 37 வளையம் வைத்தால் ஓரளவு பொருந்தியது. "பொருந்துகிற ஒரு மாதிரி" என்றுதான் அவர்களே எழுதினார்கள். செய்தியாக வரும்போது அது "37 வளையங்கள் கண்டுபிடிப்பு" ஆகிவிட்டது.

பகலில் கேமரா வேலை செய்யாது. மேகம் வந்தாலும் இல்லை. ஸ்டேஷனில் நின்று விளக்கைப் பார்த்தவர் நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டார் என்று வையுங்கள், அந்தக் கதைதான். மூடியிருந்த நேரத்தில் எத்தனை கதவு கடந்ததோ. ஆகவே 37 என்பதைக் கோயில் படிக்கட்டு எண்ணிக்கை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு பெரியது?

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம், ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் வேகம். வளையத்தின் ஓரம் நட்சத்திரத்தை மூட எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். நட்சத்திரம் நம் சூரியன் அளவுதான், குறுக்களவு சுமார் 13 லட்சம் கிலோமீட்டர். வெளிச்சம் மிகச் செங்குத்தாக இறங்கிய ராத்திரியை வைத்துப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் என்று வருகிறது. அந்த வேகத்தில் 13 லட்சம் கிலோமீட்டரைத் தாண்ட 11 மணி நேரம், அதாவது ஒரு ராத்திரி.

அப்புறம் நாள் கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. 33ஐ 86,400ஆல் பெருக்கி, அதை 56ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 16 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள தூரமே 15 கோடிதான். இந்த 16 கோடி என்பதும் தட்டின் குறுக்கே நட்சத்திரம் வெட்டிய கோடு மட்டும். முழுத் தட்டு அதைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. 2015 மாதிரியில் ஆரம் 9 கோடி, அப்படியானால் விட்டம் 18 கோடி கிலோமீட்டர். சில செய்திகளில் 12 கோடி என்று இருக்கும். நான் ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

கோடி என்று சொன்னால் மனசுக்கு எட்டாது. சனியின் முக்கிய வளையங்களின் அகலம் சுமார் 2.8 லட்சம் கிலோமீட்டர். அதை ஒரு கை வளையல் என்று தரையில் வையுங்கள். அதே அளவில் ஜே1407பியின் தட்டை வரைந்தால் அகலம் 38 மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் சொன்னால் ஐந்து கிரவுண்டு மனை. அதற்குள் ஒரு வளையல்.

அதைக் கொண்டுவந்து சனி இருக்கும் இடத்தில் வைத்தால் நமக்கு எப்படித் தெரியும்?

இது ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. அன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. சனி நம்மிடமிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர். 18 கோடி அகலத் தட்டு நம் பக்கம் முகம் காட்டி நின்றால் வானத்தில் சுமார் 7 டிகிரி அகலம் தெரியும். பௌர்ணமி நிலா அரை டிகிரி. பதினாலு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய அகலம். கையை நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டி 10 டிகிரியை மறைக்கும், அதில் முக்கால் பாகத்துக்குச் சற்றுக் கீழே. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் டெலஸ்கோப் தேவையே இருக்காது. எங்கள் வரிசையும் இருக்காது.

அது அந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோள்தானே? பின்னே ஏன் "அலைகிற பொருள்" என்கிறார்கள்?

முதலில் எல்லோரும் கோள் என்றுதான் நினைத்தார்கள். "பி" ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அப்படியென்றால் ஒரு சுற்று முடித்துத் திரும்ப வந்து மறுபடி மறைக்க வேண்டும். எப்போது வரும் என்று அமெச்சூர் வானியலாளர்கள் உள்படப் பல பேர் அந்த நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

சரி, பழைய பதிவில் இருக்குமோ என்று தேடினார்கள். பழைய காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வைப்பார்கள். 1890 முதல் நூறு வருடத்துத் தகடுகளில், ஹார்வர்டிலும் ஜெர்மனியின் பாம்பெர்கிலும் சேர்த்து வைத்திருந்தவற்றில், இந்த நட்சத்திரத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து 2018இல் முடிவு சொன்னார்கள். ஒரு மறைவு கூட இல்லை.

வேகமும் இடிக்கிறது. வினாடிக்கு 33 கிலோமீட்டரில் அந்த நட்சத்திரத்தை வட்டமாகச் சுற்றினால், பாதையின் ஆரம் 11 கோடி கிலோமீட்டர், சுற்றுக்கு எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை மறைத்திருந்தால் எப்போதோ மாட்டியிருக்கும். அதுவும் போக, 9 கோடி ஆரமுள்ள தட்டோடு 11 கோடி ஆரமுள்ள பாதையில் சுற்றுவதென்றால், சந்துக்குள் லாரியைத் திருப்புகிற வேலை. நட்சத்திரத்தின் ஈர்ப்பு வளையத்தைப் பிய்த்து எறிந்துவிடும். முட்டை வடிவ நீள் பாதையில் போகிறது, கிட்டே வரும்போது மட்டும் இந்த வேகம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் ஒவ்வொரு முறை கிட்டே வரும்போதும் தட்டு அடி வாங்கும். கோள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் வளையம் சுற்றினால் தாக்குப் பிடிக்கும் என்று 2016இல் ஒரு கணக்கு வந்தது. இப்படி ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு வழி: அது அந்த நட்சத்திரத்துக்குச் சொந்தமே இல்லை. தன்பாட்டுக்கு விண்வெளியில் போய்க்கொண்டிருந்த ஒன்று, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒரு தடவை கடந்தது. திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. சிலி நாட்டு அடகாமா பாலைவனத்தில் இருக்கும் ஆல்மா ரேடியோ தொலைநோக்கியை 2017இல் அந்தப் பக்கம் திருப்பினார்கள். நட்சத்திரம் இருக்கும் இடத்தில் தூசி இல்லை. சற்றுத் தள்ளி ஒரு மங்கலான புள்ளி இருந்தது. 2007இல் கடந்த பொருள் அதே வேகத்தில் பத்து வருடம் ஓடியிருந்தால் எங்கே இருக்க வேண்டுமோ, ஏறத்தாழ அங்கே. வினாடிக்கு 33 கிலோமீட்டர் என்றால் பத்து வருடத்தில் ஆயிரம் கோடி கிலோமீட்டருக்கு மேல். 2020இல் கென்வொர்தி குழு இதை வெளியிட்டது.

அந்தப் புள்ளி வெகு தூரத்தில் இருக்கும் வேறு ஏதோ கேலக்ஸியாகவும் இருக்கலாம். ஒரே ஒரு படத்தை வைத்து ஒன்று நகர்கிறது என்று சொல்ல முடியாது. இன்னொரு முறை பார்த்து, இடம் மாறியிருந்தால்தான் பிடி கிடைக்கும். இந்தப் பக்கத்திலும் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: காலியான விண்வெளியில், அவ்வளவு நட்சத்திரத்தில் ஒன்றின் முன்னால், நாம் கேமரா வைத்திருந்த நேரமாகப் பார்த்து ஒன்று கடப்பது அபூர்வம். ஆனால் சூப்பர்வாஸ்ப் மாதிரி திட்டங்கள் லட்சக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அபூர்வம் அகப்பட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். என் ஓட்டு அலைகிற பொருளுக்கே.

அநாதையாகத் திரிகிற ஒன்றுக்கு வளையம் எங்கிருந்து வந்தது?

"வளையம்" என்ற சொல்லே இங்கே ஆளைத் திசை திருப்பும். சனியின் வளையம் கோளுக்கு மிக அருகில் இருக்கும் பனிக்கட்டித் துண்டுகள். ரொம்ப மெலிசு, பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் கனம். அவ்வளவு கிட்டே இருப்பதால் கோளின் ஈர்ப்பு அவற்றை ஒன்றுசேர விடாது. ஜே1407பியின் தட்டோ கோளிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே துகள்கள் சேர்ந்து உருண்டையாகிவிட எந்தத் தடையும் இல்லை. நேரம்தான் வேண்டும்.

அந்த நேரம் இன்னும் ஆகவில்லை என்பதுதான் முதலில் சொன்ன விளக்கம். ஜே1407 நட்சத்திரத்தின் வயது ஒன்றரை, இரண்டு கோடி வருடம். நம் சூரியனுக்கு 460 கோடி. சூரியனை 46 வயது ஆளாக வைத்தால், இது தலை நிற்காத இரண்டு மாதக் கைக்குழந்தை. அது இருக்கும் விருச்சிகம்–சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டம் முழுக்க இப்படி இளசுகள். அங்கே பிறந்த கோள்களைச் சுற்றித் தூசித் தட்டு இன்னும் கலையாமல் இருக்கலாம். நாளைக்கு நிலாக்கள் ஆகப் போகிற மாவு அது. வியாழனின் பெரிய நாலு நிலாவும் அப்படி ஒரு தட்டிலிருந்துதான் வந்தன என்று கருதுகிறார்கள். பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தின் கோள் ஒன்றைச் சுற்றி இப்படித் தூசித் தட்டு இருப்பதை ஆல்மா 2021இல் நேரடியாகவே பார்த்துவிட்டது.

நட்சத்திரம் இல்லாமல் தனியே இருக்கிறவற்றுக்கும் தட்டு உண்டு. ஓடிஎஸ் 44 என்று ஒன்று, வியாழனைப் போலச் சுமார் 12 மடங்கு நிறை, தாய் நட்சத்திரம் கிடையாது, ஆனால் தன்னைச் சுற்றித் தூசித் தட்டு வைத்திருக்கிறது. சின்ன நட்சத்திரம் உருவாகிற வழியிலேயே அளவில் குறைந்து பிறந்தவை இவை. ஜே1407பியும் அந்த வகையறாவாக இருந்தால், இடிக்கிற கணக்கெல்லாம் இடிக்காமல் போய்விடும்.

அதற்கு நிலா இருக்கிறதா?

இருக்கலாம். மையத்திலிருந்து சுமார் 6.1 கோடி கிலோமீட்டரில் தட்டில் ஒரு சுத்தமான இடைவெளி தெரிகிறது. அந்தப் பாதையில் ஒரு நிலா ஓடிப் பெருக்கித் தள்ளியிருக்கும் என்பது ஊகம். அப்படி இருந்தால் அதன் நிறை பூமியில் 0.8 மடங்குக்குள். மொத்தத் தட்டின் தூசியையும் சேர்த்தால் நம் நிலாவைப் போல நூறு மடங்கு, அதாவது ஒரு பூமியைவிடக் கொஞ்சம் கூட.

நம் நாட்டில் யாராவது இப்படி வளையம் பிடித்திருக்கிறார்களா?

கிட்டத்தட்ட பிடித்தார்கள், அதுவும் நம் பக்கத்தில். ஜவ்வாது மலையில் வாணியம்பாடிக்குத் தெற்கே காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடக்கப் போகிறது என்று கணக்கு. அங்கே இருக்கும் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் கிட்டே வருவதற்கு முன்பே வெளிச்சம் எதிர்பாராமல் ஒரு தடவை இறங்கி ஏறியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே டெலஸ்கோப்போடு பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்தில் இருந்தவர்கள், கோளுக்கு முன்பும் பின்பும் ஜோடி ஜோடியாக மங்கல்களைப் பார்த்தார்கள். அப்படித்தான் யுரேனஸின் வளையங்கள் உலகத்துக்குத் தெரிந்தன. காவலூரில் பதிவானதும் அந்த வளையம்தான் என்று பிறகு புரிந்தது. ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் நிலா, இரு பக்கமும் தெரிந்தால் வளையம். மேலே 12 நாள், 26 நாள் என்று சொன்னேனே, அதற்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று இப்போது தெரிந்திருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை.

நம் பக்கம் வருகிறதா? மோதுமா?

இல்லை. 33 கிலோமீட்டர் என்பது நம் பார்வைக்குக் குறுக்கே போகும் வேகம். ஒரு பேச்சுக்கு நேராக நம்மை நோக்கித் திரும்பினாலும், ஓர் ஒளியாண்டைக் கடக்க 9,000 வருடம். 450 ஒளியாண்டுக்கு 40 லட்சம் வருடம். வீட்டுக் கடனைத் தாராளமாகப் போடலாம்.

சூப்பர் சனி என்றால் சனிப் பெயர்ச்சியில் சேர்த்தியா? பரிகாரம் உண்டா?

பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகவே நிறையப் பேர் கேட்டார்கள். வளையம் இருப்பதால் வந்த செல்லப் பெயர் அது. அந்தப் பொருளுக்கு எந்த ராசியும் தெரியாது. திருநள்ளாறு போகிறவர்கள் வழக்கம்போலப் போகலாம்.

வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதா?

தூசி.

2007இல்தான் நடந்ததா?

நமக்குத் தெரிந்தது 2007இல். நட்சத்திரத்தின் வெளிச்சம் இங்கே வர ஏறத்தாழ 450 வருடம் பிடித்திருக்கிறது. அந்தத் தட்டு நிஜமாக நட்சத்திரத்தைக் கடந்தது 1550களை ஒட்டி. அப்போது சென்னை என்று ஓர் ஊர் கிடையாது. கோட்டைக்கு இடம் வாங்கியது 1639இல்தானே. மயிலாப்பூர் இருந்தது, திருவல்லிக்கேணி இருந்தது, சாந்தோமில் போர்த்துக்கீசியர்கள் குடியேறியிருந்தார்கள். விஜயநகரம் இன்னும் தலைக்கோட்டையில் தோற்கவில்லை. அந்த நிழல் அப்போது கிளம்பி, வழியில் இவ்வளவையும் தாண்டி, ஒரு கேனன் லென்ஸுக்குள் விழுந்தது. அந்த எட்டு வாரம் நான் வேளச்சேரியில் வாடகை வீடு தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் மாடியிலிருந்து பார்க்க முடியுமா?

ஜே1407பியை முடியாது. அது மறைத்த நட்சத்திரத்தை, கொஞ்சம் மெனக்கெட்டால் முடியும். சென்னைக்கு இதில் ஓர் அனுகூலம். லண்டனில் இருப்பவர்களுக்கு அந்த நட்சத்திரம் உதிப்பதே இல்லை. நமக்குத் தெற்கே 37 டிகிரி உயரம் வரை ஏறும்.

மே மாதக் கடைசியில் ராத்திரி பத்து மணிக்குத் தெற்குப் பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்கு மேலே ஒன்றரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று இரண்டு நட்சத்திரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடது பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி, வலது பக்கம் பீட்டா. அவற்றுக்கும் வலப்பக்கம் சாய்ந்த காற்றாடி மாதிரி நிற்பது தென்சிலுவை, நம் ஊரில் திரிசங்கு என்பார்கள். இப்போது பீட்டாவிலிருந்து நேர் மேலே இரண்டரை முஷ்டி ஏறுங்கள். அங்கே லேசான ஆரஞ்சு நிறத்தில் மென்கென்ட் என்ற நட்சத்திரம். அதிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே இறங்கினால், ஜே1407 இருக்கும் இடம்.

வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலருக்கும் தெரியாது. 12.3 மேக்னிடியூட். பெசன்ட் நகரில் நின்றால் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகள் வானத்தை மஞ்சளாக்கி வைத்திருக்கும், அங்கே முயல வேண்டாம். மாமல்லபுரம் தாண்டி இருட்டான இடம் பார்த்து, எட்டு அங்குல டெலஸ்கோப்பும் நல்ல நட்சத்திர வரைபடமும் கொண்டுபோங்கள். நான் போன முதல் தடவை கடல் ஈரத்தில் கண்ணாடி பூத்துவிட்டது. இரண்டாவது தடவை ஒரு மணி நேரம் புள்ளிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, கடைசியில் பிடித்தேன். பக்கத்தில் இருக்கும் ஐம்பது புள்ளிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கூட வந்த நண்பர் பார்த்துவிட்டு, "இதுக்கா டீசல் போட்டு வந்தோம்?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் அவரே இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.